வசனம் கேட்டால் விசுவாசம் வளருமா?

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். "ஆதலால் விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்" என்கிற ரோமர் 10:17-ஐ (இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது) நம்பி, ஒரு வருடமாகக் காலைச் சமையல் நேரத்தில் போனில் ஆடியோ பைபிளை ஓடவிட்டிருக்கிறீர்கள். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒரு சுற்று முடிந்துவிட்டது. ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் பழைய சந்தேகங்கள் அப்படியே இருக்கின்றன. சபையில் சொன்னால், "இன்னும் அதிகமாகக் கேளுங்கள்" என்கிறார்கள். வாசித்தால் போதாதா, காதால் கேட்டே ஆகவேண்டுமா என்று கேட்கிறீர்கள். காது கேளாத உங்கள் தம்பிக்கு இந்த வசனத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: கேட்டால் விசுவாசம் வரும் என்றால் எனக்கு ஏன் வரவில்லை, குறை என்னிடமா, வசனத்திலா?

நான் இறையியல் படித்தவன். பல ஆண்டுகளாகச் சபைகளில் பாடம் வாசிப்பவர்களுக்கும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். கிரேக்கம் தேவையான அளவுக்குத் தெரியும், அதற்கு மேல் இல்லை. எது உறுதியாகத் தெரிந்தது, எது சபைகளுக்குள்ளேயே முடிவுக்கு வராதது, எது வெறும் என் அனுபவம் என்று முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த வசனம் நிற்கிற இடம். ரோமருக்கு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, அப்போஸ்தலன் பவுல் கி.பி. 57 வாக்கில் கொரிந்துவில் இருந்தபோது எழுதினார் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அவர் சொல்லச் சொல்ல, எழுதியவர் தெர்தியு (16:22). கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் சிபாரிசு செய்கிற விதத்தைப் பார்த்தால் (16:1-2), நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனது அந்த அம்மாளாகத்தான் இருக்கவேண்டும். அங்கே வீடுகளில் கூடிய சின்னச் சின்னச் சபைகளில் யாரோ ஒருவர் எழுந்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். முழு நிருபத்தையும் வாசிக்க ஒரு மணி நேரம்போல ஆகும். ஆக, விசுவாசம் கேள்வியினால் வரும் என்கிற வரியைக்கூட முதல் தலைமுறை காதால்தான் பெற்றது.

அப்புறம், அந்த வரி எந்த வாதத்தின் நடுவில் வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களில் பவுலை அரித்துக்கொண்டிருப்பது ஒரே துயரம்: என் சொந்த ஜனமாகிய இஸ்ரவேல் கேட்டும் ஏன் விசுவாசிக்கவில்லை? 14-ஆம் வசனத்தில், கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். 16-ல், "சுவிசேஷத்துக்கு எல்லாரும் கீழ்ப்படியவில்லை" என்று ஒப்புக்கொள்கிறார். 17-ல் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற வசனம். 18-ல், அவர்கள் கேள்விப்படவில்லையா என்று கேட்டு, கேள்விப்பட்டார்கள் என்று தானே பதில் சொல்கிறார். அதாவது, கேட்டும் விசுவாசியாதவர்களைப் பற்றிய இரண்டு வரிகளுக்கு நடுவே இந்த வசனம் உட்கார்ந்திருக்கிறது. கேட்காமல் விசுவாசம் வராது என்பது பவுலின் வாதம். கேட்டவர் எல்லாருக்கும் வந்தே தீரும் என்று அவர் சொல்லவில்லை. இத்தனை மணி நேரம் கேட்டால் இத்தனை வளரும் என்ற கணக்கும் அங்கே இல்லை. வசனத்தைத் தனியாக வெட்டியெடுத்துச் சுவரில் மாட்டும்போதுதான் அது சூத்திரம் மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இந்த இடத்தில் "தேவனுடைய" என்பதற்குப் பதில் "கிறிஸ்துவினுடைய" என்று இருக்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதையே மூலம் என்று கொள்கிறார்கள். இதனால் உபதேசம் தலைகீழாக மாறிவிடாது. ஆனால் பவுல் மனதில் இருந்தது வேதாகமத்தின் எந்தப் பக்கத்தையாவது காதில் போட்டுக்கொள்வது அல்ல, கிறிஸ்துவைப் பற்றிய நற்செய்தி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேருவது என்பது தெளிவாகிறது. எண்ணாகமத்தின் வம்சப் பட்டியலை வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டு விசுவாசம் பொங்கவில்லை என்றால், அதற்காக உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேட்பதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், அன்றைய உலகம் அப்படி இருந்தது என்பது பாதிப் பதில். ரோமப் பேரரசில் வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் இருந்தாலே அதிகம் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. கையெழுத்துச் சுருள்களுக்குப் பெரும் விலை. அதனால்தான் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, இந்த நிருபம் சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்படவேண்டும் என்று பவுல் ஆணையிடுகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரமும் வாசிக்கிறவனை ஒருமையிலும் கேட்கிறவர்களைப் பன்மையிலும் வைத்து வாழ்த்துகிறது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், எருசலேமின் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா காலை முதல் மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசித்தார். லேவியர் அர்த்தம் சொன்னார்கள், ஜனங்கள் அழுதார்கள் (நெகேமியா 8). நம் ஊரிலும் கதை வேறில்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சில் கொண்டுவந்தது 1715-ல். அதற்கு முன்பே அங்கே ஒரு தமிழ்ச் சபை கூடிவிட்டது. அந்த முதல் கிறிஸ்தவர்கள் கையில் அச்சிட்ட புத்தகம் இல்லாமல், போதித்ததைக் கேட்டும் மனப்பாடம் செய்தும்தான் விசுவாசத்துக்கு வந்தார்கள். பின்னாளில் திருநெல்வேலிக் கிராமங்களில் உபதேசியார் சாயங்கால ஜெபத்தில் வாசித்ததுதான் பலருக்கு வேதாகமமே.

மீதிப் பாதிப் பதில் எழுத்தறிவைப் பற்றியது அல்ல. எல்லாரும் வாசிக்கத் தெரிந்த காலத்திலும் சபை உரக்க வாசிப்பதை விடவில்லை. நாம் தனியாக வாசிக்கும்போது நமக்குப் பிடித்த இடத்தில் நிற்போம், பிடிக்காததைத் தாண்டுவோம். இன்னொருவர் வாசிக்கும்போது அது நம் கையில் இல்லை. செய்தி வெளியிலிருந்து வருகிறது, நாம் உண்டாக்கியது அல்ல. எபிரெயர் நிருபத்தைப் பற்றி 1517, 1518-ல் நடத்திய வகுப்புகளில், கிறிஸ்தவனுடைய உறுப்பு காது மட்டுமே என்கிற அளவுக்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் போனார். கையும் காலும் ஏதாவது செய்து சம்பாதிக்கும். காதால் சம்பாதிக்க முடியாது, வருவதை வாங்கிக்கொள்ளத்தான் முடியும் என்பது அவர் எண்ணம். கொஞ்சம் மிகைதான், அவர் பாணியே அப்படி.

பயிற்சி வகுப்புகளில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நம் சபைகளில் பாடம் வாசிக்கும்போது எல்லாரும் கையில் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொடர்வார்கள். பாதிப் பேர் பக்கம் தேடி முடிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். அதனால் சில இடங்களில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு பகுதியை நிதானமாக இரண்டு முறை வாசித்துவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். ஒரு கிராமத்தில் மாற்கு 5-ஆம் அதிகாரத்தின் பெரும்பாடுள்ள (நிற்காத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீயைப் பற்றி வாசித்தோம். "அநேக வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டு, தனக்கு உண்டானவைகளையெல்லாம் செலவழித்தும்" என்கிற வரியைப் படித்தவர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். "இருந்ததெல்லாம் டாக்டருக்கே குடுத்துட்டு வந்திருக்கா. அதாம் ஐயா, முன்னால வந்து கேக்கல, பொறத்தால வந்து ஓரத்த மட்டும் தொடுதா. இவரும் துட்டு கேப்பாரோன்னு பயந்திருப்பா." வியாக்கியான நூல்கள் தீட்டுச் சட்டத்தைக் காரணமாகச் சொல்லும், அதுவும் சரிதான். ஆனால் அந்தப் பாட்டி அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று கேட்டிருந்தார். அப்புறம் அவராகவே, "அவரு துட்டு கேக்கல, மகளேன்னுலா கூப்பிட்டாரு" என்றார். பவுல் சொல்கிற கேட்டல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

இப்போது உங்கள் சமையலறைக்கு வருவோம். வேலை செய்துகொண்டே கேட்பது தப்பா? இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கின் முதல் சொல்லே "கேள்" என்பதுதான். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடவேண்டும் என்று அதில் ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு: பேச்சு கூடாது, முணுமுணுப்பு கூடாது, வாசிப்பவர் குரல் மட்டுமே கேட்கவேண்டும், ஏதாவது வேண்டுமென்றால் சைகை காட்டவேண்டும். குக்கர் விசில், பிள்ளைகளின் ஸ்கூல் வேன், வாட்ஸ்அப் சத்தம் இவற்றுக்கு நடுவில் ஓடுகிற குரல் அந்த வகையில் சேராது. அது வீட்டில் ஒரு நல்ல சூழலைத் தரும், சொற்றொடர்கள் காதுக்குப் பழகும், பின்னால் ஏதோ ஒரு நாள் ஒரு வரி எழுந்து வந்து நிற்கும். இதெல்லாம் உண்மையான நன்மைகள்தான். ஆனால், "நீங்கள் கேட்கிற விதத்தைக்குறித்துக் கவனியுங்கள்" என்று லூக்கா 8:18-ல் இயேசு எச்சரிப்பது விதத்தைப் பற்றி, அளவைப் பற்றி அல்ல. அதற்குச் சற்று முன்னால் அவர் சொல்கிற விதைக்கிறவன் உவமையில் நான்கு நிலத்திலும் விழுவது ஒரே விதை. வனாந்தரத்தில் கேட்டவர்கள் விசுவாசமில்லாமல் கேட்டபடியினால் வசனம் அவர்களுக்குப் பிரயோஜனப்படவில்லை என்று எபிரெயர் 4:2 சொல்கிறது. ஆகவே, "இன்னும் அதிகமாகக் கேளுங்கள்" என்று உங்கள் சபையில் சொன்னது பாதிதான் சரி.

இங்கேதான் நிச்சயமில்லாத பகுதி ஆரம்பிக்கிறது. ஒரே பிரசங்கத்தை இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் விசுவாசிக்கிறார், இன்னொருவர் விசுவாசிப்பதில்லை. ஏன்? 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதே கேள்வியை நேராக எடுத்துக்கொண்டார். விசுவாசிக்கவேண்டியது என்ன என்பது கேட்பதன் மூலம் வெளியிலிருந்து வருகிறது, அதற்கு மனம் சம்மதிப்பதோ உள்ளே தேவன் அசைப்பதால் நடக்கிறது, வெளிக் காரணம் மட்டும் போதாது என்பதற்கு ஒரே பிரசங்கத்தைக் கேட்ட இருவருமே சாட்சி என்றார். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினும், ஆவியானவர் உள்ளே போதிக்காவிட்டால் வெளிக் குரல் வீண் என்றே சொன்னார். ஆனால் யாரை உள்ளே தொடுவது என்பதை தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்பது அவருடைய பதில். அந்தக் கிருபை எல்லாருக்கும் முன்னதாகவே வருகிறது, மனுஷன் அதை எதிர்க்கவும் முடியும் என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் பதில். பிலிப்பி பட்டணத்து லீதியாள் பவுலின் பேச்சைக் கவனிக்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார் என்று அப்போஸ்தலர் 16:14 சொல்வதை இரு தரப்பும் எடுத்துக் காட்டும். இந்த விவாதம் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வெஸ்லி பக்கம் சாய்வு உண்டு, அது நான் வளர்ந்த சபையின் பாதிப்பாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒன்று உண்டு: காதில் விழுவதற்கும் விசுவாசம் உண்டாவதற்கும் நடுவில் மனுஷனால் இயக்க முடியாத ஒரு படி இருக்கிறது. அந்தப் படியை உங்கள் கணக்கில் எழுதி உங்களைக் குற்றவாளியாக்க எந்தச் சபைக்கும் உரிமை இல்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு விஷயத்தை எழுதியாகவேண்டும், ஏனென்றால் இதைத்தான் அவிசுவாசிகளான நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் உண்மை மாதிரித் தோன்றும்தானே? ஆம், தோன்றும். 1977-ல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூற்றைச் சில வார இடைவெளியில் மறுபடி மறுபடி கேட்டவர்கள், அது உண்மையோ பொய்யோ, அதை மேலும் மேலும் உண்மை என்று மதிப்பிட்டார்கள். பிற்கால ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின. விளம்பரமும் அரசியல் கோஷமும் இதில்தான் பிழைக்கின்றன. ஆகவே, கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் வருகிற ஒருவித இணக்கம் உண்டு, அதை விசுவாசம் என்று எண்ணி ஏமாறவும் முடியும். புத்தாண்டுக் கண்விழிப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை நாளுக்கு நூறு தடவை அறிக்கையிட்டால் விசுவாசம் ஏறி, கேட்டது கைக்கு வரும் என்று ரோமர் 10:17-ஐ வைத்தே போதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் போதனைக்கு அந்த வசனத்தில் ஆதாரம் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பெரோயா பட்டணத்தார் வசனத்தை மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் பார்த்தார்கள். அதற்காக அவர்களை லூக்கா நற்குணசாலிகள் என்கிறார் (அப்போஸ்தலர் 17:11). உங்களுக்கு வருகிற சந்தேகங்களை அந்தப் பட்டணத்தார் பக்கம் வையுங்கள்.

சரி, விசுவாசம் வளர்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சந்தேகம் இல்லாத நிலைதான் அளவு என்று நீங்கள் வைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணும் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு வளர்க்கிற வழி ஒன்றையும் சொல்லவில்லை. கடுகுவிதையளவு இருந்தாலே போதும் என்றார் (லூக்கா 17). பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான், அவன் மகன் சுகமானான். தெசலோனிக்கேயருடைய விசுவாசம் மிகவும் பெருகுகிறது என்று பவுல் எழுதும்போது (2 தெசலோனிக்கேயர் 1:3-4) கூடவே ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பையும் உபத்திரவத்தில் காட்டிய பொறுமையையும் சொல்கிறார். பெருகுவதைக் கவனித்தது பவுல். அவர்களுக்கே அது தெரிந்திருந்ததா என்று நிருபத்தில் இல்லை. நம் வளர்ச்சியை நாமே அளப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. உங்களோடு இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஜான் வெஸ்லியின் கதை இதில் எனக்குப் பெரிய ஆறுதல். அவர் ஆக்ஸ்போர்டில் படித்து, குருப்பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய்த் தோற்றுத் திரும்பியவர். வேதாகமம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1738-ல் விசுவாசம் இல்லாமல் எப்படிப் பிரசங்கிப்பது என்று அவர் தயங்கியபோது, பீட்டர் போலர் என்ற மொராவியச் சபை ஊழியர், விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், வந்தபின் வந்ததனால் பிரசங்கிப்பீர் என்றார். அந்த வருடம் மே 24 பிற்பகலில் லண்டன் புனித பவுல் ஆலயத்தில் 130-ஆம் சங்கீதம் பாடக் கேட்டார். சாயங்காலம் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு மனசில்லாமல் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி முன்னால், தம் உள்ளத்தில் விநோதமான ஓர் அனல் பரவியதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதுவரை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுகிறது இது: அதே இரவு வீட்டுக்குப் போனதும் பழைய சோதனைகள் திரும்ப வந்ததையும், அடுத்த வருடம் ஜனவரியில், நான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்று எழுதியதையும் அதே நாட்குறிப்பில் காணலாம். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு பிரசங்கித்தார்.

வாசித்தால் போதாதா என்பதற்கு, பின்னாளில் சபையின் பெரிய இறையியலாளரான அகஸ்டின் வாழ்க்கையே பதில். 384-ல் மிலான் நகரத்துக்குச் சொற்கலை ஆசிரியராகப் போனவர், அங்கே ஆயராக இருந்த ஆம்புரோஸ் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கத்தான் கோயிலுக்குப் போனார், விஷயத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஆனால் சொல்லழகோடு சேர்ந்து அவர் அலட்சியம் செய்த பொருளும் உள்ளே நுழைந்துவிட்டது என்று பின்னால் எழுதினார். ஞானஸ்நானம் பெற்றது 387 ஈஸ்டருக்கு. இடையில் இரண்டரை வருடம் கேட்டலும் குழப்பமும்தான். கடைசித் திருப்பம் 386-ல் ஒரு தோட்டத்தில் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து "எடுத்து வாசி" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டதும் ரோமர் 13-ஆம் அதிகாரத்தை எடுத்து, வாய் திறக்காமல் மனதுக்குள் வாசித்தார். கேட்டலும் வாசித்தலும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. எத்தியோப்பிய மந்திரியும் ஏசாயாவைத் தன் இரதத்தில் வாசித்துக்கொண்டுதான் இருந்தான். அர்த்தம் சொல்ல ஒரு பிலிப்பு தேவைப்பட்டான், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி விஷயத்தில் சபையின் வரலாறு பெருமைப்படும்படி இல்லை. பிறவியிலேயே காது கேளாமை விசுவாசத்துக்கே தடை என்று அகஸ்டின் ஓரிடத்தில் இதே வசனத்தைக் காட்டி எழுதினார். அந்த ஒரு வரி பின்னால் பலமுறை காது கேளாதவர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. ஆனால் வேறொரு நூலில் அவரே, காது கேளாதவர்கள் சைகையாலேயே கேள்வி கேட்பதையும் பதில் சொல்வதையும் கற்பிப்பதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் குரு தெ லெப்பே இரண்டு காது கேளாத சகோதரிகள் வேதபோதனை இல்லாமல் இருந்துவிடக்கூடாது என்று தொடங்கிய முயற்சி பெரிய பள்ளியாக வளர்ந்தது. நம் பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் முழு வேதாகமமும் 2020-ல் காணொளியாக முடிந்தது. பவுலின் வாதத்தில் இருப்பது அறிவிப்பும் அதைப் பெற்றுக்கொள்வதும், செவிப்பறை அல்ல. மாற்கு 7-ல் இயேசு காது கேளாத ஒருவனைத் தனியே அழைத்துப்போய், விரலைக் காதில் வைத்து, நாவைத் தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். குணமாவதற்கு முன்பே அவனோடு அவனுக்குப் புரிகிற விதத்தில் பேசிவிட்டார் என்றே நான் வாசிக்கிறேன். இது என் வாசிப்பு. உங்கள் தம்பிக்கு எழுத்து நன்றாக வரும் என்றால் வாசிக்கட்டும். ஆனால் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து பெரும்பாலும் இரண்டாவது மொழி என்பதைச் சபையார் மறந்துவிடுகிறார்கள். சைகையில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது அவருக்கு வேறு அனுபவம்.

உங்களுக்கு என்ன செய்யச் சொல்வேன்? ஆடியோவை நிறுத்தவேண்டாம், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். வேறாக, மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டிலோ தோழி ஒருவரோடோ ஒரே மூச்சில் உரக்க வாசித்துக் கேளுங்கள், ஒன்றரை மணி நேரம்போல ஆகும். அதன்பின் வாரத்துக்கு ஒரு சின்னப் பகுதி. ஒருவர் வாசிக்க, மற்றவர் புத்தகம் இல்லாமல் கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும். எந்த இடம் உறுத்தியது, எந்த இடம் நம்ப முடியவில்லை என்று வெளிப்படையாகப் பேசுங்கள், அந்த இடத்தையே ஜெபமாக்குங்கள். அந்த வாரம் அதன்படி செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள், ஏனென்றால் கேட்கிறவர்களாய் மாத்திரம் இருந்தால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்கிறார் யாக்கோபு. மூன்று நான்கு மாதத்தில் எல்லாருக்கும் ஏதாவது நடந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு மாற்றம் தெரிந்திருக்கிறது, சிலருக்கு இல்லை, அவர்களில் ஒரு சிலர் இன்னும் சந்தேகத்தோடேயே கோயிலுக்கு வருகிறார்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில், சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, ஜெபத்தில் மட்டுமல்ல, சாப்பாட்டில்கூட ருசி இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல, அதனால் அது என்ன என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனச்சோர்வு வரும்போது விசுவாசம் போய்விட்ட மாதிரியே இருக்கும், அதை வசனத்தால் மட்டும் சரிசெய்யப் போய்ப் பல மாதங்களை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள், உங்கள் வீட்டுக்காரரையோ நம்பகமான ஒருவரையோ கூட அழைத்துக்கொண்டு போங்கள். மாற்கு அதற்கப்புறம் ஆரம்பித்தாலும் போதும்.